சான்றுகளைத் தேடிய ஆசிரியர்

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1875 டிசம்பர் 19ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்தின் நியூ கேன்டன் என்னும் சிற்றூரில் கார்ட்டர் உட்சன் பிறந்தார். அவருடைய பெற்றோர் இருவரும் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர்கள். வறுமை காரணமாக, வயல்வேலை இல்லாத மாதங்களில் மட்டுமே அவரால் பள்ளிக்குச் செல்ல முடிந்தது. எழுத்தறியாத தந்தைக்குச் செய்தித்தாளைப் படித்துக் காட்டுவது அச்சிறுவனின் வழக்கம்.

இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் உட்சன் வேலை செய்தார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்னும் தொழிலாளி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவராயினும், கறுப்பின மக்களைப் பற்றிய நூல்களையும் செய்தித்தாள்களையும் அவர் விரும்பி வாங்கி வைத்திருந்தார். வேலை முடிந்தபின் தொழிலாளர்கள் அவர் வீட்டில் கூடுவர். உட்சன் உரக்கப் படிப்பார். உள்நாட்டுப் போரில் பங்கேற்ற முதியவர்கள் தாம் கண்டவற்றை எடுத்துரைப்பர். அவ்வீடே உட்சனுக்கு முதல் வரலாற்று வகுப்பறை ஆயிற்று.

இருபதாம் வயதில்தான் அவர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் படிப்பை முடித்தார். ஆசிரியப் பணிக்கு இடையே கல்லூரிக் கல்வியும் பயின்றார். பிலிப்பைன்ஸ் நாட்டிலும் சில ஆண்டுகள் கற்பித்தார். 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார்.

அக்காலப் பாடநூல்களில் கறுப்பின மக்களின் உழைப்புக்கும் அறிவுக்கும் உரிய இடம் இல்லை. அவர்களுக்கு வரலாறே இல்லை என்று கற்றவர் பலரும் கருதினர். தம் முன்னோரைப் பற்றி ஒரு வரியும் காணாத மாணவர் தம்மையே தாழ்வாக எண்ணுவர் என்பதை ஆசிரியரான உட்சன் உணர்ந்தார். அக்கருத்தைச் சான்றுகளால் மறுக்கத் துணிந்தார். 1915இல் சிகாகோ நகரில் நண்பர்களுடன் சேர்ந்து ஆய்வுக் கழகம் ஒன்றை நிறுவினார். மறு ஆண்டு காலாண்டிதழைத் தொடங்கினார். அதில் கட்டுரைகளோடு பழைய ஆவணங்களும் அச்சாயின. 1830ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கேட்டை ஆராய்ந்து, அடிமையாய் இராத கறுப்பினக் குடும்பத் தலைவர்களின் பெயர்களைத் தொகுத்தார். 1800 முதல் 1860 வரை கறுப்பின மக்கள் எழுதிய கடிதங்களைத் திரட்டிப் பெருநூலாக்கினார். பிறர் அவர்களைப் பற்றி எழுதியதை மட்டுமே அறிந்திருந்த வாசகர், அவர்களே எழுதியதைப் படித்தனர்.

ஆய்வு அறிஞர்களோடு நின்றுவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். எனவே 1926 பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். ஆபிரகாம் லிங்கன், அடிமைத்தனத்திலிருந்து தப்பி அதனை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் ஆகிய இருவரின் பிறந்தநாளும் கொண்டாடப்படும் வாரம் அது. பள்ளிகளுக்கு வேண்டிய பாடக் குறிப்புகளும் படங்களும் அனுப்பப்பட்டன. 1937இல் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உதவும் எளிய இதழொன்றும் வெளிவந்தது.

உட்சன் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் வாழ்நாளை இப்பணிக்கே அளித்தார். 1950 ஏப்ரல் 3ஆம் நாள் வாஷிங்டனில் மறைந்தார். அவர் தொடங்கிய வாரம் 1976 முதல் ஒரு மாத விழாவாக நடைபெறுகிறது. அவர் திரட்டிய ஆயிரக்கணக்கான ஆவணங்கள் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

பயிற்சி

1. ஆலிவர் ஜோன்ஸின் வீடு உட்சனுக்கு எவ்வாறு வகுப்பறை ஆயிற்று?
2. ஒரு மக்களின் கடிதங்கள் அவர்களுடைய வரலாற்றுக்கு எவ்வாறு சான்றாகின்றன?
3. உங்கள் வீட்டிலுள்ள பழைய கடிதம் அல்லது சான்றிதழ் ஒன்றைப் பார்த்து, அதிலிருந்து அறியும் செய்திகளை ஐந்து வரிகளில் எழுதுக.