பிள்ளைகளின் வேதனையைக் குறைத்த டாக்டர்

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் குதிரை லாயத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்தான். அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவனுக்கு அம்மை குத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இது நடந்தது 1757-ம் ஆண்டில், இங்கிலாந்து நாட்டில். அந்தச் சிறுவனின் பெயர் எட்வர்டு ஜென்னர்.

அந்தக் காலத்தில் வைசூரி என்னும் பெரியம்மை உலகத்தையே ஆட்டி வைத்தது. அதைத் தடுக்க ஒரே ஒரு வழிதான் தெரிந்திருந்தது. வைசூரி கண்டவரின் கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, நல்ல உடம்பில் கீறி வைப்பார்கள். லேசாக அம்மை போட்டு இறங்கிவிடும். பிறகு பெரும்பாலும் வராது. ஆனால் சிலருக்கு அதுவே முற்றி உயிரைக் கொண்டுபோய்விடும்.

கீறுவதற்கு முன்பு ஆறு வாரம் ஜென்னரைப் பாடாய்ப் படுத்தினார்கள். உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்தார்கள். பேதிக்குக் கொடுத்தார்கள். அரை வயிற்றுச் சாப்பாடுதான். பிறகு கீறிவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு லாயத்தில் விட்டார்கள்.

அவனுடைய ஐந்தாவது வயதிலேயே தாயும் தந்தையும் இறந்து போயிருந்தார்கள். அழுதால் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளத் தாய் இல்லை.

சிறுவன் பிழைத்தான். ஆனால் அதன் பிறகு நெடுநாள் அவனுக்குச் சரியான தூக்கம் வரவில்லை.

பால்காரியின் கை

ஜென்னர் பிறந்தது 1749-ம் ஆண்டு மே 17-ந் தேதி, பெர்க்லி என்ற ஊரில். தந்தை பாதிரியார். படித்து டாக்டரான ஜென்னர், லண்டனில் ஜான் ஹண்டர் என்ற பெரிய மருத்துவரிடம் பயின்றார். தலைநகரிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் சொந்த ஊருக்கே திரும்பி வந்து வைத்தியம் பார்த்தார்.

மாடு கறக்கும் பெண்களுக்குச் சில சமயம் மாட்டம்மை தொற்றும். கையில் நாலைந்து கொப்புளம் வந்து ஆறிவிடும். அப்படி வந்தவர்களை வைசூரி அண்டாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதை ஜென்னர் கிராமத்துப் பேச்சு என்று தள்ளிவிடவில்லை. பல ஆண்டுகள் விசாரித்துக் குறித்து வைத்தார்.

1796-ம் ஆண்டு மே 14-ந் தேதி, சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரியின் கைக் கொப்புளத்திலிருந்து கொஞ்சம் நீரை எடுத்தார். ஜேம்ஸ் பிப்ஸ் என்ற ஏழைச் சிறுவனின் கையில் இரண்டு சிறு கீறல் போட்டு அதைத் தடவினார். அந்தச் சிறுவனுக்கும் வயது எட்டுதான்.

இந்தச் சிறுவனுக்கு லாயம் இல்லை. பட்டினி இல்லை. ரத்தம் எடுக்கவும் இல்லை. இரண்டொரு நாள் உடம்பு சரியில்லாமல் இருந்து எழுந்துவிட்டான்.

ஜூலை மாதம் அவனுக்கு வைசூரிச் சீழையே குத்திப் பார்த்தார் ஜென்னர். இன்றைக்கு எந்த மருத்துவரும் அப்படிச் செய்ய முடியாது, சட்டம் விடாது. நல்ல காலம், சிறுவனுக்கு ஒன்றும் வரவில்லை.

1798-ம் ஆண்டு ஜென்னர் தம் சொந்தச் செலவில் புத்தகம் அச்சிட்டு இதை உலகத்துக்குச் சொன்னார். ரகசியமாக வைத்திருந்தால் பணத்தைக் குவித்திருக்கலாம். அவர் தம் தோட்டத்துக் குடிசையில் ஏழைகளுக்கு இலவசமாகவே அம்மை குத்தினார். பிப்ஸ் பெரியவனானதும் குடியிருக்க வாடகை இல்லாமல் ஒரு வீடும் கொடுத்தார்.

சென்னைக் கடற்கரையில்

1802-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு அம்மை குத்தப்பட்டது. இந்தியாவில் முதலில் அது பலித்தது அந்தக் குழந்தைக்குத்தான். ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினார்கள். இப்படியே அம்மைப்பால் சென்னைக்கும் வந்து சேர்ந்தது.

அதே ஆண்டில் சென்னையிலிருந்து அது கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறியது. கெட்டுப் போகாமல் இருக்க, வழியில் பையன்களின் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டே போனார்கள். அப்போது ராயபுரத்துக்குத் தெற்கே இன்றைய துறைமுகம் கிடையாது. மீனவர்கள் ஓட்டும் மசூலா படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும்.

ஜென்னருக்கு நன்றியாகச் சென்னையில் திரட்டி அனுப்பிய பணம் மட்டும் ஆயிரம் பவுனுக்கு மேல்.

1823-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி ஜென்னர் காலமானார். அவரது சவ ஊர்வலத்தில் ஜேம்ஸ் பிப்ஸும் நடந்து சென்றார்.

1980-ம் ஆண்டு உலகத்தில் வைசூரி அடியோடு ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. அந்தத் தடுப்பு இப்போது பொதுமக்களுக்கு வழக்கமாகக் குத்துவதில்லை. வயதானவர்களின் கையில் தழும்பு மட்டும் இருக்கிறது.

தாயின் மடி

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் குழந்தைகளுக்கு இன்று வேறு நோய்களுக்காக ஊசி போடுகிறார்கள். ஆறாவது வாரத்தில் போடும் ஒரே ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி உள்ளிட்ட ஐந்து நோய்களுக்குத் தடுப்பு இருக்கிறது. லாயமும் இல்லை, பத்தியமும் இல்லை. ஒரு நொடி வலிதான்.

அந்த வலியையும் தாய் குறைக்கலாம். குழந்தையைப் படுக்க வைக்காமல் மடியில் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசி போடுவதற்குச் சற்று முன்பிருந்தோ, போடும்போதோ தாய்ப்பால் கொடுத்தால் குழந்தை குறைவாகவே அழும். உலக சுகாதார நிறுவனம் 2015-ம் ஆண்டு இதையே எல்லா நாடுகளுக்கும் சொன்னது. இரண்டு மூன்று ஊசி இருந்தால் அதிகமாக வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும் என்றும் சொன்னது. ஊசி போட்ட இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. காய்ச்சல் கண்டால் நர்ஸ் சொன்ன அளவில்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

இதற்குக் காசு செலவில்லை. லாயத்தில் தனியே கிடந்த அந்தச் சிறுவனுக்குக் கிடைக்காத தாய்மடி, இன்று ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைக்க வேண்டும்.