மலைநாடு தந்த முதல் மந்திரி: பெரி. சுந்தரம் அவர்கள்

தேயிலை மலைகளிலே கொழுந்து கிள்ளும் கைகளையும், கவ்வாத்து வெட்டும் தோள்களையும் பற்றிப் பாடாதார் இலர், பேசாதார் இலர். ஆனால், அந்த மலைகளை நம்பி வாழ்ந்த மக்களிடையே தோன்றி, இலங்கையின் ஆட்சி மன்றத்தில் மந்திரியாக முதன்முதல் வீற்றிருந்தவர் யார் என்று வினவினால், நம் இளைஞருள் பலர் விடை கூறத் தயங்குவர். மூத்தோருள் சிலர் மட்டும், அட்டன் தொகுதியின் பெயரோடு சேர்த்து, பெரி. சுந்தரம் என்னும் பெயரை நினைவுகூர்வர். அப்பெரியாரின் வாழ்க்கையை இளைஞர் அறிதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

பெரியண்ணன் சுந்தரம் அவர்கள் 1890ஆம் ஆண்டிலே பிறந்தார்கள். தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்து இலங்கையில் வேரூன்றிய குடும்பம் அவர்களுடையது. கோப்பிப் பயிர் இலைநோயால் மாண்டு, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்ட காலம் அது. காடுகள் வெட்டப்பட்டன, லயங்கள் எழுந்தன, இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கங்காணிமாரின் பின்னே மலையேறின. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பது பற்றிச் சட்டம் பேசத் தொடங்கியதே 1907ஆம் ஆண்டில்தான். அதன் பின்னரும் நெடுங்காலம் அக்கல்வி பெயரளவிலேயே இருந்தது.

அத்தகைய காலத்திலே சுந்தரம் அவர்கள் கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர் சீமைக்குச் சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார்கள். அந்நாளில் அத்தகைய படிப்புப் படித்தவருக்குக் கொழும்பிலே செல்வமும் செல்வாக்கும் கைகட்டி நின்றன. அவற்றை மட்டும் நாடியிருந்தால் அவர்களை யாரும் குறை கூறியிருக்க மாட்டார். ஆனால் அவர்களுடைய உள்ளம் தொழிலாளர் பக்கம் திரும்பியது.

தொழிலாளர் சேவை

1919ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். அருணாசலம் அவர்கள் தலைவர். இளம் பாரிஸ்டராகிய பெரி. சுந்தரம் அவர்கள் செயலாளர். மறு ஆண்டிலே இலங்கைத் தொழிலாளர் சம்மேளனமும் உருவாயிற்று.

அன்றைய நிலையை இளைஞர் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டப்படி, வேலைக்கு வராத தொழிலாளி சிறைக்கு அனுப்பப்படலாம். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின், அவனுடைய கடன் தொகை குறிக்கப்பட்ட ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். அக்கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டமே அவனை வேலைக்கு எடுக்கும். மனிதன் கடனோடு கடனாகக் கைமாறினான். அருணாசலம் அவர்களும் சுந்தரம் அவர்களும் இக்கொடுமையைச் சட்ட அறிவோடும் சான்றுகளோடும் அரசாங்கத்தின் முன் எடுத்துரைத்தனர். இந்தியாவிலும் இதற்கு எதிரான குரல் வலுத்தது. 1921ஆம் ஆண்டிலே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கிளர்ச்சிக் கூச்சல் இன்றி, எழுத்தாலும் வாதத்தாலும் பெற்ற வெற்றிகளுள் இது தலையாயது.

அட்டனிலிருந்து அரசாங்க சபைக்கு

1931ஆம் ஆண்டு இலங்கை வரலாற்றில் ஒரு திருப்பம். டொனமூர் ஆணைக்குழுவின் திட்டப்படி சர்வஜன வாக்குரிமை வந்தது. ஆணும் பெண்ணும் வாக்களிக்கும் உரிமையை ஆசியாவிலேயே முதன்முதற் பெற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்றாயிற்று. தோட்ட மக்களுக்கு இவ்வுரிமை தடையின்றிக் கிடைக்கவில்லை. நிரந்தரக் குடியிருப்பை மெய்ப்பித்தல் வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அப்படியிருந்தும் ஏறத்தாழ ஒரு லட்சம் இந்திய வம்சாவளியினர் அவ்வாண்டில் வாக்காளராகப் பதிவு பெற்றனர்.

அட்டன் தொகுதியில் பெரி. சுந்தரம் அவர்கள் போட்டியின்றித் தெரிவானார்கள். தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கம் அவர்கள் வெற்றி பெற்றார்கள். பிரட்டுக் களத்திலே பெயர் கூப்பிடப்பட்ட மக்களின் பெயர், இப்போது நாட்டின் சபையிலும் கூப்பிடப்பட்டது.

அந்தச் சபையின் அமைப்பு இன்றைய பாராளுமன்றத்தைப் போன்றதன்று. 50 அங்கத்தவர் தெரிவு செய்யப்பட்டோர். 8 பேர் நியமனம் பெற்றோர். மூவர் ஆங்கில உத்தியோகத்தர். அங்கத்தவர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்தது, அத்தலைவரே மந்திரி. அவ்வாறு முதல் மந்திரிசபையில் இடம்பெற்ற எழுவர்: உள்நாட்டு விவகாரத்துக்கு டி. பி. ஜயதிலக்கா, விவசாயத்துக்கும் காணிக்கும் டி. எஸ். சேனநாயக்கா, கல்விக்கு சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா, சுகாதாரத்துக்கு டி. பி. பானபொக்க, உள்ளூராட்சிக்கு சார்ல்ஸ் பட்டுவந்துடாவ, போக்குவரத்துக்கு மாக்கான் மாக்கார், தொழில், கைத்தொழில், வர்த்தகத்துக்குப் பெரி. சுந்தரம். யாழ்ப்பாணத்திலே தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டிருந்தமையால் வடபகுதி ஆசனங்கள் வெறுமையாக இருந்தன. ஆகவே அந்த எழுவருள் தமிழர் இவர் ஒருவரே.

விடை கூறும் கடன்

மந்திரி பதவி என்றதும் மாலையும் மோட்டார் வண்டியும் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அது விடை கூறும் பதவி. சபையில் எந்த அங்கத்தவரும் முன்னறிவித்தல் கொடுத்து வினா எழுப்பலாம். மந்திரி எழுந்து நின்று விடை பகர்தல் வேண்டும். கேட்டதும் சொன்னதும் அச்சாகி நிலைத்துவிடும். பின்னொருநாள் அதை மறுக்க இயலாது.

பெரி. சுந்தரம் அவர்களின் பொறுப்பிலிருந்த துறைகளோ, அக்காலத்திலே இடியும் மின்னலுமாக இருந்தவை. 1929ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் இலங்கையைத் தாக்கியது. ரப்பர் விலை படுவீழ்ச்சி அடைந்தது. தேயிலை விலையைக் காக்க, 1933ஆம் ஆண்டிலே இலங்கையும் இந்தியாவும் டச்சு இந்தியத் தீவுகளும் உடன்படிக்கை செய்து, ஏற்றுமதியை முதலாண்டில் 85 சதவீதமாகக் குறைத்துக்கொண்டன. கொழும்பிலே வேலையில்லாதோர் பெருகினர். 1933ஆம் ஆண்டிலே வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1934ஆம் ஆண்டிலே ஜப்பானியத் துணிப் பிரச்சினை எழுந்தது. ஏழைகள் வாங்கி உடுத்திய மலிவான துணி அது. தன் ஆலைத் துணிக்கு இடம் தேடிய பிரிட்டன், அதன் இறக்குமதிக்கு வரம்பு கட்ட விரும்பிற்று. அரசாங்க சபை இணங்கவில்லை. ஆயினும் லண்டனிலிருந்து வந்த அரச கட்டளையொன்று அதை நம்மீது சுமத்தியது. உள்நாட்டு வங்கி ஒன்று வேண்டும் என்ற குரலும் அந்நாளில் ஓங்கியது. அதனை ஆராய்ந்த ஆணைக்குழு 1934ஆம் ஆண்டிலே அறிக்கை வெளியிட்டது. 1939ஆம் ஆண்டிலே இலங்கை வங்கி பிறந்தது.

கூலி, வேலையின்மை, வேலைநிறுத்தம், இறக்குமதி, ஏற்றுமதி, கைத்தொழில்: இவை எல்லாம் அந்தத் தொழில், வர்த்தக மந்திரியின் மேசைக்கே வந்தன. ஒருபுறம் தோட்ட முதலாளிமாரின் பிரதிநிதிகள். மறுபுறம் கொழும்புத் தொழிலாளர் தலைவர்கள். வேறொருபுறம், இந்தியத் தொழிலாளரால் உள்ளூர் மக்களுக்கு வேலை இல்லை என்று குற்றஞ்சாட்டியோர். இம்மூவருக்கும் ஒரே மந்திரி, ஒரே அவையில், ஒரே நாவினால் விடை கூற வேண்டியிருந்தது.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. மந்திரி தம் விருப்பம்போல் விடை கூற இயலாது. அவர் குழுவின் தலைவர் மட்டுமே. குழுவின் பெரும்பான்மை எதை முடிவு செய்ததோ அதையே அவர் சபையில் தாங்கிப் பேசுதல் வேண்டும். நாட்டின் பணப்பெட்டியோ ஆங்கில நிதிச் செயலாளரின் கையில் இருந்தது. பொறுப்பு மந்திரிக்கு, சாவி வேறொருவருக்கு.

கூலி குறைந்த காலம்

இச்சிக்கலின் கடுமை தோட்டக் கூலி விடயத்திலே வெளிப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ், 1929ஆம் ஆண்டு தொடக்கம் மலைநாட்டுத் தோட்டங்களிலே ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என வகுக்கப்பட்டிருந்தது. மந்தம் வந்தபோது, அரிசி விலை இறங்கியதைக் காரணம் காட்டி அக்கூலி வெட்டப்பட்டது. மலைநாட்டு ஆண் தொழிலாளியின் கூலி 49 சதமாயிற்று. ஐந்து சதம் என்பது இன்று சிரிப்புக்குரியதாகத் தோன்றலாம். அன்று லயத்து அடுப்புக்கு அது ஒரு வேளை உணவு.

தோட்ட மக்கள் அனுப்பி வைத்த பெருமகன் தொழில் மந்திரியாக இருந்த காலத்திலேயே தோட்ட மக்களின் கூலி குறைந்தது. இதை மறைத்து அவர்களுடைய வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. உலகச் சந்தையை அவர் ஒருவர் தடுத்து நிறுத்தியிருக்க முடியாது என்பது உண்மை. பசித்தவனுக்கு அந்த விடை போதவில்லை என்பதும் உண்மையே.

அக்காலத்திலே வேறொரு குரல் அட்டனிலிருந்து எழுந்தது. கோ. நடேசய்யர் அவர்கள் 1931ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி, துண்டுப் பிரசுரங்களாலும் மேடைப் பேச்சாலும் கூலிக் குறைப்பைச் சாடினார்கள். அவர்களுடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டாலே மக்களைத் திரட்டினார்கள். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அட்டன் தொகுதி நடேசய்யர் வசமாயிற்று. பெரி. சுந்தரம் அவர்களின் மந்திரிப் பதவியும் அத்தோடு முடிவுற்றது.

ஆயினும் அந்த ஐந்தாண்டுகள் வறிதே கழிந்தன என்று எண்ணற்க. வேலைத்தலத்தில் காயமுற்றோருக்கும் மாண்டோரின் குடும்பத்துக்கும் நட்டஈடு வழங்கும் சட்டம் 1934ஆம் ஆண்டிலே நிறைவேறியது. தொழிற்சங்கங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டு பதிவுசெய்ய வழிவகுத்த கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டிலே வந்தது. பின்னாளிலே மலைநாட்டில் எழுந்த பெருஞ்சங்கங்கள் யாவும் இச்சட்டத்தின் நிழலிலேயே பதிவு பெற்றன. சங்கம் அமைத்து மந்திரியையே எதிர்த்து நிற்கும் உரிமையை, அந்த மந்திரியின் காலத்துச் சட்டமே உறுதிசெய்தது.

பிற்காலம்

1936ஆம் ஆண்டின் புதிய மந்திரிசபையில் எழுவரும் சிங்களவராகவே இருந்தனர். 1942ஆம் ஆண்டிலே அருணாசலம் அவர்களின் மைந்தர் மகாதேவா அவர்கள் மந்திரியாகும் வரை அதிலே தமிழர் எவரும் இல்லை. மலைநாட்டு மக்களிடமிருந்து மீண்டும் ஒருவர் மந்திரிசபையில் அமர 1978ஆம் ஆண்டு வரை, சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்கள் வரும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையிலே கழிந்தவை 42 ஆண்டுகள்!

பதவி போனபின் பெரி. சுந்தரம் அவர்கள் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கிவிடவில்லை. 1939ஆம் ஆண்டிலே ஜவஹர்லால் நேரு அவர்களின் வருகையையொட்டி உருவான இலங்கை இந்தியக் காங்கிரசின் தொடக்ககாலத் தலைவர்களுள் அவர்களும் ஒருவர். 1947ஆம் ஆண்டில் அமைந்த செனட் சபையிலும் அங்கம் வகித்தார்கள்.

அவர்கள் கண்முன்னேயே பெரும் இடி வீழ்ந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களின் வாக்கைப் பறித்தன. 1952ஆம் ஆண்டிலே அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றேனும் மிஞ்சவில்லை. மந்திரியாய் விடை கூறிய சமூகம், வினாக் கேட்கவும் வாயற்றதாயிற்று. அந்தத் துயரம் தீருமுன்னரே, 1957ஆம் ஆண்டிலே பெரி. சுந்தரம் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்கள். நாடற்றோர் என்ற பழிச்சொல் முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது.

நாம் கொள்ள வேண்டியது

நடேசய்யர் கேட்டார், பெரி. சுந்தரம் விடை கூறினார். ஒருவரை ஏற்றி மற்றவரைத் தாழ்த்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கேட்பவன் இல்லாத சமூகம் ஊமை. பொறுப்பேற்று விடை கூறுபவன் இல்லாத சமூகமோ என்றும் பிறர் வாசலில் நிற்கும் இரவலன். கேட்பதற்குத் துணிவு வேண்டும். விடை கூறுவதற்குத் துணிவோடு கல்வியும் பொறுமையும் வேண்டும். வசவைத் தாங்கும் நெஞ்சுரமும் வேண்டும்.

மலைநாட்டு இளைஞர்களே! சங்கக் கூட்டத்தில் எழுந்து குற்றம் கூறுவது எளிது. கணக்குப் புத்தகத்தைக் கையிலேந்தி, கேட்ட ஒவ்வொருவருக்கும் முகம் சுளியாது விடை கூறும் செயலாளராக இருப்பது அரிது. அந்த அரிய பணியை, 1919ஆம் ஆண்டிலே ஒரு சிறு சங்கத்தின் செயலாளராகத் தொடங்கி, ஒரு நாட்டின் மந்திரியாக உயர்ந்து செய்தவர் பெரி. சுந்தரம் அவர்கள். அவர்களுடைய நிறைகளைப் போற்றுவோம், குறைகளிலிருந்து கற்போம், அவர்கள் திறந்த வாயில் மீண்டும் அடைபடாதவாறு காப்போம்.