பதிவேட்டைப் பார்த்து ஆளைத் தேடிப் போன வைத்தியர்

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொன்ன அன்று, இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகுதான் வில்லியம் கோலியைப் பற்றி வாசித்தேன்.

1862இல் பிறந்த கோலி, நியூயோர்க்கில் சத்திரசிகிச்சை நிபுணர். எலும்புப் புற்றுநோய் கண்ட இளம்பெண்ணொருத்தியின் கையை அகற்றியும் காப்பாற்ற முடியவில்லை. 1891இல் அவள் இறந்தாள். மனமுடைந்தவர் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்தில் கட்டியோடு கைவிடப்பட்ட ஒருவர், தோலில் கிருமி தொற்றிக் காய்ச்சலில் கிடந்தபின் கட்டி கரைந்து வீடு திரும்பியிருந்தார். ஏழு ஆண்டுகளின் பின் கோலி அவரை வீடுவீடாகத் தேடினார். ஆள் உயிரோடு இருந்தார்.

அதன்பின் அந்தக் கிருமியையே நோயாளிகளுக்கு ஊசியாக ஏற்றினார். சிலர் பிழைத்தார்கள், சிலர் தொற்றினாலேயே இறந்தார்கள். பின்னர் கொல்லப்பட்ட கிருமிகளுக்கு மாறினார். சக வைத்தியர்கள் பலர் நம்பவில்லை. 1936இல் காலமானார். தந்தையின் பதிவுகளைத் திரட்டிய மகள் ஹெலன், 1953இல் புற்றுநோய் ஆய்வு நிறுவனமொன்றைத் தொடக்கினார்.

கிருமி எப்போதும் நன்மை செய்வதில்லை. பெருங்குடல் கட்டிக்குள் பியூசோபக்றீரியம் மிகுந்திருந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்ததாக இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. கட்டிக்குள் இருக்கும் கிருமியைப் பார்த்து ஆயுளைக் கணிக்க முயல்கிறார்கள்.

இடம்பெயர்வுகளில் எத்தனையோ பத்திரங்களைத் தொலைத்தவர்கள் நாங்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியை மட்டும் கவனமாக வைத்திருக்கிறேன்.