ஒரு சின்னத் துளை

விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய சனம் நாங்கள். போர் விமானத்தைப் பற்றி எழுதக் கை கூசுது. ஆனால் இது ஒரு துளையின் கதை. தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பித்தளைக்குத் துளை போடுகிற எனக்கு, அலுப்பு வரும்போது பியற்றிஸ் ஷில்லிங் அம்மையாரின் நினைவுதான் வரும்.

1909இல் இங்கிலாந்தில் ஒரு இறைச்சிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர். 14 வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கி, கழற்றிப் பூட்டிப் பழகினார். மன்செஸ்டரில் மின்பொறியியல் படித்து, 1936இல் பார்ண்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

1940இல் பிரிட்டிஷ் விமானப்படைக்குப் பெரிய தலையிடி. ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்கள் சடாரென மூக்கைக் குத்திப் பாய்ந்தால் எஞ்சின் அடைத்துவிடும். முதலில் பெற்றோல் வராது, பிறகு கார்புரேற்றரில் அளவுக்கு மீறிப் பாயும். ஜேர்மன் விமானங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை, தப்பி ஓடிவிடும்.

அம்மையார் துளையிட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டைச் செய்தார். எஞ்சினுக்குத் தேவையான அளவு பெற்றோல் மட்டுமே அதனூடாகப் போகும். எஞ்சினை இறக்காமலே பூட்டலாம். தன் குழுவோடு விமானத்தளங்களுக்கே போய்ப் பூட்டிக் கொடுத்தார். 1941 மார்ச்சளவில் வேலை முடிந்தது. கோளாறு முழுதாகத் தீரவில்லை; ஆனால் நல்ல கார்புரேற்றர் வரும்வரை அந்தத் துண்டே தாங்கியது. அவர் 1990இல் காலமானார்.

துண்டு சின்னன்தான். துளையின் அளவு பிழைத்திருந்தால் எத்தனை தாய்மாரின் பிள்ளைகள் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்!

இந்தப் புத்தாண்டில் ஒன்று கேட்கிறேன். உங்கட மகள் சைக்கிளைக் கழற்றிப் பரப்பி வைத்தால் ஏசாதேயுங்கோ. சாவியை எடுத்துக் கையில் குடுங்கோ.