காலை உதைக்காதே, பந்தை உதை! கால்பந்துக்குச் சட்டம் எழுதிய வக்கீல் மார்லி

பந்தை உதைக்க வேண்டுமா, எதிரியின் காலை உதைக்க வேண்டுமா?

இது வேடிக்கைக் கேள்வி அல்ல. 1863-ம் ஆண்டில் லண்டன் மாநகரில் படித்த பெரிய மனிதர்கள் கூடி, வாரக்கணக்கில் வாதாடிய விஷயம் இது. அந்த வழக்கைத் தீர்த்து வைத்தவர் ஒரு வக்கீல். அவர் பெயர் எபனேசர் காப் மார்லி.

மார்லி 1831-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி, இங்கிலாந்தின் ஹல் துறைமுகப் பட்டணத்தில் பிறந்தார். தந்தை கிறிஸ்தவ போதகர். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பெயர் பெற்ற பள்ளிக்கூடம் எதிலும் மார்லி படிக்கவில்லை. சட்டம் படித்து வக்கீல் ஆனார். 1858-ல், லண்டனை அடுத்து தேம்ஸ் நதிக்கரையில் உள்ள பார்ன்ஸ் என்ற ஊரில் குடியேறினார்.

விளையாட்டு என்றால் அவருக்கு உயிர். படகு ஓட்டுவார். வேட்டைக்குப் போவார். 1862-ல் பார்ன்ஸ் கால்பந்து சங்கத்தைத் தொடங்கினார். பந்து ஆடுவது யாருக்கும் தொழில் அல்ல. வேலை முடிந்த நேரத்தில் ஆசைக்கு ஆடுகிறவர்கள்தான் எல்லோரும்.

ஆனால் ஆடப் போனால் ஒரே குழப்பம்! அது விக்டோரியா மகாராணி காலம். பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் ஆட்டம் வேறு. ஒரு பள்ளியில் படித்தவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார். இன்னொரு பள்ளியில் படித்தவர், கையில் எடுப்பதே தப்பு என்பார். பக்கத்து ஊர்க்காரர்களோடு ஆடுவதென்றால் கூட முதலில் பேச்சுவார்த்தை, பிறகுதான் பந்து.

கிரிக்கெட்டுக்குப் பொதுச் சட்டம் இருக்கிறதே, கால்பந்துக்கு ஏன் இருக்கக்கூடாது? மார்லி இதைப் பத்திரிகைக்கு எழுதினார். பலன் கிடைத்தது. 1863 அக்டோபர் 26-ந் தேதி லண்டனில் பிரீமேசன்ஸ் விடுதியில் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். கால்பந்து சம்மேளனம் அன்று பிறந்தது. ஆர்தர் பெம்பர் தலைவர். மார்லி காரியதரிசி.

சட்டங்களின் நகலை எழுதியவர் மார்லிதான். அதன் முதல் நகலில், பந்தைக் கையில் கொண்டு ஓடலாம். ஓடுகிறவனின் முழங்காலுக்குக் கீழே உதைக்கவும் செய்யலாம் என்றுதான் இருந்தது! பிறகு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்காரர்களின் சட்டங்கள் வந்தன. காலில் உதைப்பதற்கு அவற்றில் இடமில்லை. மார்லியும் அந்தப் பக்கம் சாய்ந்தார்.

அவ்வளவுதான், பிளாக்ஹீத் சங்கத்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. சம்மேளனத்தின் பொருளாளர் கேம்பல் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர். உதையை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் வீரமே போய்விடும், ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரர்கள் கூட இங்கிலீஷ்காரர்களை ஜெயித்து விடுவார்கள் என்று அவர் வாதாடினார்.

மார்லியின் பதில் குடும்பஸ்தரின் பதில். மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவன் கால் எலும்பை உடைத்துக்கொள்ள வருவானா? உதை நீடித்தால் வயது வந்தவர்கள் விலகி விடுவார்கள், பள்ளிப் பிள்ளைகள்தான் மிஞ்சுவார்கள் என்றார்.

டிசம்பரில் உதை ஒழிந்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஒழிந்தது. 13 சட்டங்கள் நிலைத்தன. பிளாக்ஹீத் சங்கம் வெளியேறியது.

பக்கத்து ஊரோடு போட்டி

காகிதத்தில் எழுதியாகிவிட்டது. களத்தில் செல்லுமா? ஜனவரியில் ஒரு காட்சிப் போட்டி நடத்துவதாக ஏற்பாடு. மார்லியின் ஊர்க்காரர்களுக்கு அதுவரை பொறுமை இல்லை! டிசம்பர் 19-ந் தேதியே, பார்ன்சை அடுத்த மார்ட்லேக்கில், பக்கத்து ரிச்மண்ட் சங்கத்தை ஆட்டத்துக்கு அழைத்து விட்டார்கள்.

பக்கத்துக்கு 15 பேர். இத்தனை பேர்தான் ஆடவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. நடுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. கோல் என்பது 8 கஜ இடைவெளியில் நட்ட இரண்டு கம்பங்கள். மேலே குறுக்குக் கட்டை கிடையாது. எவ்வளவு உயரத்தில் போனாலும் கம்பங்களுக்கு நடுவே போனால் கோல்தான். பந்துக்கு முன்னால் நிற்கும் சொந்தக் கட்சிக்காரனுக்குப் பந்தைக் கொடுக்கக் கூடாது. செருப்பில் ஆணியோ இரும்புத் தகடோ நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

முடிவு என்ன? ஒரு கோல் கூட விழவில்லை! வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆனால் முப்பது பேர் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஆடிவிட்டார்கள். மார்லிக்கு வேண்டியது அதுதானே!

அன்று எதிரே ஆடிய ரிச்மண்ட் சங்கத்துக்குப் பிற்பாடு மனம் மாறியது. 1871-ல் பிளாக்ஹீத்தோடு சேர்ந்து ரக்பி சங்கம் ஏற்படப் பாடுபட்டது. அந்த ரக்பி சங்கம் முதல் காரியமாகச் செய்த சட்டங்களிலேயே காலில் உதைப்பது தடுக்கப்பட்டது. அந்த உதைக்காகத்தான் பிளாக்ஹீத் எட்டு ஆண்டு முன்னால் சண்டை போட்டு வெளியேறியது!

மார்லி சட்டம் எழுதியதோடு நிற்கவில்லை. 1866 மார்ச் 31-ந் தேதி, லண்டன் அணிக்கும் ஷெபீல்டு அணிக்கும் நடந்த போட்டியில் முதல் கோல் அடித்தவர் அவரே. அப்போது வயது 34. 1867 முதல் 1874 வரை சம்மேளனத் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் சம்மேளனக் கோப்பைப் போட்டி தொடங்கியது. முதல் ஆண்டிலேயே பார்ன்ஸ் சங்கமும் அதில் ஆடியது. பிறகு பல ஆண்டுகள் மாவட்ட சபையில் பார்ன்சின் பிரதிநிதியாக இருந்து ஊர்க் காரியங்களைக் கவனித்தார்.

கோப்பையின் இறுதிப் போட்டி 1923-ல் வெம்பிளி மைதானத்தில் நடந்தபோது 1¼ லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். மைதானத்துக்குள்ளேயே கூட்டம் புகுந்தது. அப்போது மார்லிக்கு வயது 91.

அடுத்த ஆண்டு நவம்பர் 20-ந் தேதி அவர் காலமானார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. அவர் வாழ்ந்த பழைய வீடு, 2015-ல் வேலை நடந்துகொண்டிருந்தபோது இடிந்து விழுந்தது. பார்ன்ஸ் பொது வெளியில், புதர் மண்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி இருக்கிறது.