தனக்காக எழுதினாள், நமக்காகத் திருத்தினாள்



எழுதுறவங்க தனக்காக எழுதணுமா, படிக்கிறவங்களுக்காக எழுதணுமா? இந்தக் கேள்விக்கு நம்ம வயசுப் பெண் ஒருத்தியின் வாழ்க்கையே பதில் சொல்கிறது. அவள் பெயர் ஆன் பிராங்க்.

ஆன் 1929 ஜூன் 12 அன்று ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தாள். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து யூதர்களைக் கொடுமைப்படுத்தியதால், குடும்பமே நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்குக் குடிபோனது. 1940-இல் ஜெர்மன் படை அங்கேயும் வந்துவிட்டது.

13-வது பிறந்தநாளுக்குக் கட்டம் போட்ட அட்டையுடன் ஒரு நோட்டு பரிசாகக் கிடைத்தது. அதில் டைரி எழுத ஆரம்பித்தாள். அடுத்த மாதமே, அப்பாவின் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த ரகசிய அறைகளில் ஒளிய வேண்டியதாயிற்று. மொத்தம் 8 பேர். கீழே வேலை செய்பவர்களுக்குக் கேட்டுவிடும் என்பதால் பகலில் சத்தமாக நடக்கக்கூட முடியாது. அம்மா மேல் கோபம், பயம், ஆசை எல்லாத்தையும் கிட்டி என்ற கற்பனைத் தோழிக்குக் கடிதமாக எழுதினாள்.

1944 மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு டச்சு மந்திரி ரேடியோவில் பேசினார். போர் முடிந்ததும் மக்களின் டைரிகளையும் கடிதங்களையும் சேகரிக்க வேண்டும் என்றார். அதைக் கேட்ட ஆனுக்குத் தன் டைரியைப் புத்தகமாக்கும் ஆசை வந்தது. மே மாதம் முதல் தனித் தாள்களில் மறுபடி எழுதினாள். சிலதை நீக்கினாள், சிலதைச் சேர்த்தாள், கூட இருந்தவங்களுக்கு வேற பெயர் வைத்தாள். ஆரம்பிக்கும்போது அவளுக்கு 14 வயசு, என் வயசு! 200-க்கும் மேற்பட்ட தாள்கள் எழுதிவிட்டாள்.

வேலை முடியவில்லை. 1944 ஆகஸ்ட் 4 அன்று எல்லோரும் பிடிபட்டார்கள். 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் ஆன் நோயால் இறந்தாள். வயசு 15. அந்த 8 பேரில் உயிரோடு திரும்பியவர் அப்பா ஓட்டோ மட்டுமே. ஒளிந்திருந்தவங்களுக்கு உதவிய மீப் கீஸ், தான் பத்திரப்படுத்திய டைரியை அவரிடம் கொடுத்தார். முதலில் எழுதியது, திருத்தியது இரண்டையும் சேர்த்து அப்பா 1947-இல் புத்தகமாக வெளியிட்டார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஊரே படிக்கும் என்று முதலிலேயே நினைத்திருந்தால், கோபத்தையும் பயத்தையும் மறைத்திருப்பாள். தனக்கு மட்டும் போதும் என்று விட்டிருந்தால், முன்பின் தெரியாத நமக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது. எழுதும்போது நமக்காக, திருத்தும்போது படிக்கிறவங்களுக்காக!

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி மறைத்து வைத்திருக்கும் தோழிகளே! எதை வைத்துக்கொள்வது, எதைக் காட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். காட்டலாம் என்று தோன்றுவதைத் திருத்தி எழுதி, அடுத்த இதழுக்குக் கொடுங்கள். படிக்க நாங்க காத்திருக்கோம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி