என். டி. ராமராவும் இரண்டு ரூபாய் அரிசியும்

ஆளவி என்னும் நகருக்குப் பகவான் புத்தர் ஒரு முறை நெடுந்தூரம் நடந்து சென்றார். அறம் கேட்கும் பக்குவம் எய்திய ஏழை உழவன் ஒருவன் அங்கு வாழ்ந்தமையே அதற்குக் காரணம். அன்று காலையில் அவ்வுழவனுடைய எருது காணாமற் போயிற்று. அதனைத் தேடிப் பிடித்துக் கட்டிவிட்டு, நண்பகல் கடந்த பின்னரே பசியோடு அவன் சபைக்கு வந்து சேர்ந்தான். அதுவரை ததாகதர் உபதேசம் தொடங்காமல் காத்திருந்தார். அவன் வந்ததும் முதலில் உணவளிக்கச் செய்து, அவன் உண்டு களைப்பு நீங்கிய பின்னரே தர்மத்தை விளக்கினார். இதுபற்றிப் பிக்குகள் தம்முள் பேசிக்கொண்டபோது, நோய்களுள் பசியே கொடியது என்பதை அவர்களுக்கு எடுத்துரைத்தார்.

ஓர் உழவனுடைய பசியைத் தீர்க்க ஒரு வேளை உணவு போதும். ஒரு நாட்டின் பசிக்கு என் செய்வது? சக்கவத்தி சீகநாத சுத்தம் இதற்கு விடை கூறுகின்றது. அதில் வரும் அரசன் ஒருவன் குடிகளைக் காவல் காத்தான். ஆனால் வறியவர்க்குப் பொருள் வழங்கவில்லை. வறுமை பெருகியது. வறுமையால் களவும், களவால் கொலையும், கொலையை மறைக்கப் பொய்யும் பெருகின. பிடிபட்ட கள்வர்க்கு அவன் அவ்வப்போது பொருள் கொடுத்துப் பார்த்தான். அதனால் கேடு வளர்ந்ததே ஒழியக் குறையவில்லை. வறியவர்க்கெல்லாம் முறையாகக் கிட்டுவதற்கு வழி வகுப்பதே அரசனுடைய கடமை என்பது இக்கதையால் பெறப்படும் கருத்து. நம் காலத்தில், நமது அண்டை மாநிலத்தில் இக்கடமையைக் கையிலெடுத்த ஒருவருடைய வாழ்வை, அதன் நிறையும் குறையும் தோன்ற ஈண்டு கூறுவோம்.

நந்தமூரி தாரக ராமராவ் கிருஷ்ணா மாவட்டத்தின் நிம்மகூரு கிராமத்தில், உழவர் குடும்பமொன்றில், 1923ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி சென்னை இராஜதானியைச் சேர்ந்திருந்தது. இளமையில் விஜயவாடாவில் உணவு விடுதிகளுக்குப் பால் கொண்டு கொடுத்துக் குடும்பத்துக்கு உதவியபடியே கல்வி பயின்றார். குண்டூரில் பட்டம் பெற்று, 1947இல் சார்பதிவாளர் அலுவலில் அமர்ந்தார். சில வாரங்களிலேயே அவ்வேலையைத் துறந்து, திரைப்படத் துறையை நாடிச் சென்னைக்கு வந்தார். 1949இல் வெளிவந்த மன தேசம் அவருடைய முதற் படம். பின்னர் பாதாள பைரவியும் மாயா பஜாரும் தமிழ் மக்களிடையேயும் அவரைப் பிரசித்தமாக்கின. ஏறக்குறைய முந்நூறு படங்களில் அவர் நடித்தார்.

1960இல் அவர் வேங்கடேசுவரராக வேடம் பூண்ட படம் வெளிவந்தது. அதன்பின் திருப்பதி யாத்திரை முடித்த தெலுங்கு மக்கள் பலர், பேருந்துகளிற் சென்னைக்கு வந்து, தியாகராய நகரிலிருந்த அவருடைய வீட்டின் முன் காத்திருந்து அவரைக் கண்டு செல்வது வழக்கமாயிற்று. நடிகரைக் கடவுளாகக் கருதும் இம்மயக்கம் பகுத்தறிவுக்கு ஒவ்வாததே. எனினும், எளிய மக்களுடைய முகங்களை நாள்தோறும் அருகிலிருந்து காணும் வாய்ப்பு அவருக்கு அதனால் அமைந்தது.

சித்தூர், கடப்பை, அனந்தபுரம், கர்நூல் ஆகிய மாவட்டங்கள் அடங்கிய ராயலசீமை மழை குன்றிய நிலம். பாலாறும் சுவர்ணமுகியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஏரி நிரம்பினால் நெல் விளையும். நிரம்பாவிடில் மானாவாரியில் கேழ்வரகும் நிலக்கடலையுமே கதி. கூலி மக்களுடைய அன்றாட உணவு கேழ்வரகுக் களி. அரிசிச் சோறு பண்டிகை நாட்களுக்கு உரியது. 1950களின் தொடக்கத்தில் அந்நாட்டில் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. 1952இல் ராமராவ் சக நடிகர்களுடன் ஊர் ஊராகச் சென்று பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டினார். 1977 நவம்பரில் கிருஷ்ணா நதியின் கழிமுகத்தைப் புயல் அழித்தபோதும் அவ்வாறே தெருவில் இறங்கி நிதி சேர்த்தார்.

இவை போற்றத்தக்க தானங்களே. ஆனால் தானத்துக்கு ஓர் எல்லை உண்டு. புயலைக் கண்டு மக்கள் மனம் இளகும். ஆண்டு முழுதும் அரை வயிற்றோடு உறங்கும் சேரியைக் கண்டு எவரும் உண்டியல் ஏந்துவதில்லை. அப்பசிக்குச் சட்டமும் வரவுசெலவுத் திட்டமுமே மருந்து.

1982ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் ஐதராபாத்தில் அவர் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். பழைய வண்டி ஒன்றைச் சீரமைத்து, அதன் மேல் நின்று, மாநிலமெங்கும் சுற்றிப் பிரசாரம் செய்தார். அவர் அளித்த வாக்குறுதிகளுள் தலையாயது, ஏழைகளுக்குக் கிலோ இரண்டு ரூபாய் விலையில் அரிசி என்பது. இதற்கு முன்மாதிரி தமிழகத்தில் இருந்தது. 1967இல் அறிஞர் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். 1982 ஜூலையில் எம். ஜி. ஆர். குழந்தைகளுக்குச் சத்துணவு அளிக்கத் தொடங்கினார். ஆந்திரத்திலும் அப்போதைய காங்கிரசு அரசு தேர்தலை முன்னிட்டு அரிசி விலையைக் குறைத்தது. பசி அரசியலின் நடுவிடத்துக்கு வந்துவிட்டது.

1983 ஜனவரித் தேர்தலில் ராமராவ் குடிவாடாவிலும் திருப்பதியிலும் போட்டியிட்டு இரண்டிலும் வென்றார். அவருடைய கட்சி 200க்கு மேற்பட்ட இடங்களைப் பெற்றது. ஜனவரி 9ஆம் நாள் அவர் முதலமைச்சரானார்.

அவ்வாண்டிலேயே அரிசித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு வருமானம் 6000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்குப் பச்சை அட்டை வழங்கப்பட்டது. ஆளுக்கு மாதம் 5 கிலோ, குடும்பத்துக்கு 25 கிலோவுக்கு மேற்படாமல், நியாயவிலைக் கடையில் அரிசி பெறலாம். கிருஷ்ணா, கோதாவரிக் கழனிகளில் விளைந்த மிகுதியை ஆலைகளிடமிருந்தும் மத்திய உணவுக் கழகத்திடமிருந்தும் பெற்று, வறண்ட மாவட்டங்களுக்கும் கொண்டு சேர்த்து, விலை வேறுபாட்டை அரசே ஏற்றது. ஐவர் உள்ள குடும்பம் 50 ரூபாய் கொடுத்து 25 கிலோ பெற்றது. கணக்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 170 கிராமுக்கும் குறைவே. முழு வயிற்றுக்கு அது போதாது. ஆயினும் கூலி கிட்டாத மாதத்திலும் அடுப்பு எரியும் என்னும் உறுதி பிறந்தது. கடன் கொடுத்த பண்ணையாருடைய வாசலில் ஒரு படி தானியத்துக்காகக் கைகட்டி நின்றவனுக்கு, அந்த அட்டை சிறிதளவேனும் முதுகெலும்பைத் தந்தது.

குறைகளும் இல்லாமல் இல்லை. வசதி படைத்தோர் பலர் அட்டை பெற்றனர். அரிசியில் ஒரு பகுதி கள்ளச் சந்தைக்குச் சென்றது. வேலை தேடி ஊர் ஊராகப் பெயர்வோர் விடுபட்டனர். மானியச் சுமை கருவூலத்தை அழுத்துகிறதென்று பொருளாதார அறிஞர்கள் எச்சரித்தனர்.

1985 ஏப்ரலில் திருமலையில் யாத்திரிகர் அனைவர்க்கும் இலவச உணவளிக்கும் நித்திய அன்னதானத் திட்டத்தையும் அவர் தொடங்கிவைத்தார். நாளொன்றுக்குச் சுமார் இரண்டாயிரம் பேருக்கு உணவளிப்பதாகத் தொடங்கிய அது, இன்று நாலாயிரம் பேர் ஒரே வேளையில் அமர்ந்துண்ணும் பெருங்கூடமாக வளர்ந்துள்ளது. மலைமேல் அன்னதானமும் மலையடியில் பச்சை அட்டையும் ஒருவர் காலத்திலேயே தோன்றியவை; இரண்டும் பசி தீர்ப்பவை. எனினும் வேறுபாடு ஒன்று உண்டு. அன்னதானக் கூடத்துக்கு மலையேறி வருபவர் உண்பர். அட்டையோ, மலையேற இயலாத கிழவியின் குடிசைக்கும், சித்தூரின் கடைக்கோடிச் சேரிக்கும், எந்தத் தெய்வத்தையும் வணங்காதவருடைய இல்லத்துக்கும் சென்றது. ஒன்று பக்தியால் வரும் ஈகை. மற்றொன்று குடிமகன் கேட்டுப் பெறும் உரிமை.

1984இல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை அவர் ஒழித்தார். தலைமுறை தலைமுறையாக நிலக் கணக்கைக் கையில் வைத்து ஊரை ஆட்டிப் படைத்தவர்களின் அதிகாரம் இதனாற் குன்றியது. பெண்மக்களுக்குச் சொத்தில் சமபங்கு அளிக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார். 1984 ஆகஸ்டில் ஆளுநர் அவரைப் பதவி நீக்கினார். மக்கள் கிளர்ந்தெழவே, ஒரு மாதத்தில் மீண்டும் பதவியேற்றார். 1985 மார்ச்சில் மீண்டும் பெருவெற்றி பெற்றார்.

ஆனால் அவருடைய ஆட்சியில் ஒடுக்கப்பட்டோர் என்றும் மறக்கவியலாத கொடுமையும் நிகழ்ந்தது. 1985 ஜூலை 17ஆம் நாள் பிரகாசம் மாவட்டத்துக் காரம்சேடு கிராமத்தில், குடிநீர்க் குளத்தை அசுத்தம் செய்தது பற்றி எழுந்த தகராற்றில், தலித் மக்கள் அறுவர் கொல்லப்பட்டனர். தாக்கியவர்கள் முதலமைச்சரின் சாதியைச் சேர்ந்த நிலவுடைமையாளர்கள். அரிசி வந்த சேரிக்கு அச்சமற்ற வாழ்வு வரவில்லை. சோறிட்ட கை மானத்தையும் காக்க வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

இரண்டாவது குறை, பஞ்சசீலத்தை ஏற்ற நமக்கு உடனே விளங்கும். அவருடைய அரசு ஒரு கையால் அரிசி வழங்கி, மறு கையால் சாராயம் விற்றது. அரசே பாக்கெட்டுகளில் அடைத்து ஊர்தோறும் அனுப்பிய சாராயம், கருவூலத்தின் பெரிய வருவாய்களுள் ஒன்றாயிற்று. அரிசிக் கடையில் மிச்சப்பட்ட காசு சாராயக் கடையில் கரைந்தது. கணவன் குடித்து வந்த நாளில், இரண்டு ரூபாய் அரிசியும் மனைவியின் பானைக்கு வந்து சேரவில்லை. ஐந்தாம் சீலம் தனி மனிதனுக்கு மட்டும் உரியதன்று, அரசுக்கும் உரியது.

இப்பிழையைத் திருத்தியவர்கள் பெண்கள். 1989 தேர்தலில் அவர் தோற்று, காங்கிரசு ஆட்சி நடந்த காலம் அது. 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்தில், அறிவொளி வகுப்பிற் படிக்கக் கற்ற ஏழைப் பெண்கள் திரண்டு தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடச் செய்தனர். அக்கிளர்ச்சி சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் பரவியது. 1993இல் அரசு சாராயத்தைத் தடை செய்தது. ராமராவ் தம் பழைய வழியை விட்டு அப்பெண்களின் பக்கம் நின்றார். 1994 டிசம்பர் 12ஆம் நாள் மீண்டும் முதலமைச்சரானதும், முழு மதுவிலக்குக் கோப்பில் கையெழுத்திட்டார்; 1995 ஜனவரி 16ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இடையில் மூன்றரை ரூபாயாக ஏறியிருந்த அரிசி விலையையும் இரண்டு ரூபாயாக்கினார். பிழை செய்தவர் பலர். எளியோர் சுட்டிய பிழையை ஏற்று மாறிய ஆட்சியாளர் சிலரே.

அம்மாற்றத்தின் பயனைக் காண அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. 1995 ஆகஸ்டில் சித்தூர் மாவட்டத்தவரான அவருடைய மருமகன் சந்திரபாபு நாயுடுவின் தலைமையில் கட்சியினர் பிரிந்தனர். அவர் பதவி இழந்தார். 1996 ஜனவரி 18ஆம் நாள் ஐதராபாத்தில் காலமானார். அரிசி விலை மீண்டும் ஏற்றப்பட்டது. 1997இல் மதுவிலக்கும் தளர்த்தப்பட்டது. ஆனால் கருத்து அழியவில்லை. 2013இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியத்தைச் சட்ட உரிமையாக்கியது. பச்சை அட்டையில் இருந்த அளவும் அதுவே.

ஐதராபாத்தின் உசேன் சாகர் ஏரி நடுவே நிற்கும் ஒரே கல்லாலான புத்தர் சிலை, அவர் தம் ஆட்சியில் செதுக்குவித்தது. 1990இல் படகில் ஏற்றிச் சென்றபோது அது நீரில் மூழ்கிற்று, உயிர்களும் பலியாயின. 1992 டிசம்பரில் மீட்டெடுத்து நிறுத்தப்பட்டது. அச்சிலையைக் காண்போர் கைகூப்புவர். ஆயினும் ஆளவியில் ஓர் உழவன் உண்ணும்வரை காத்திருந்த பெருமானுக்கு, அக்கற்சிலையினும் உகந்த வழிபாடு, ஓர் ஏழை வீட்டில் எரியும் அடுப்பே.

அன்பர்களே, விகாரையில் உபோசத நாளில் அன்னம் வழங்குவதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் தெருவில் அட்டை கிட்டாத விதவை யார், கைரேகை பதியவில்லை என்று கடையிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட முதியவர் யார் என்று கேட்டறிவோம். அவர்களோடு அலுவலகம் வரை நடப்போம். அருகில் சாராயக் கடை இருப்பின், தூபகுண்டாப் பெண்களை நினைவிற் கொள்வோம். பசி தீர்ந்த செவியிலேயே தர்மம் நுழையும்.